கபிலன் கடைசியில் பாஸாக வேண்டுமா? சிறார் நாவல் முடிவு பற்றி யோசனை கேட்கிறேன்

மைக்கூடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்காக ஒரு நகைச்சுவை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 19 அத்தியாயங்கள். பதினெட்டு நன்றாக வந்திருக்கிறது என்று நம்புகிறேன். பத்தொன்பதாவதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

கதை இதுதான். கபிலனுக்கு 12 வயது. பெயர் பெரும்புலவர் பெயர். ஆனால் ஒரு பக்கம் வாசிக்க அரை மணி நேரம் ஆகும். ஆண்டு இறுதி வாசிப்புத் தேர்வில் தோற்றுவிடுகிறான். பள்ளி ஒரு நிபந்தனை போடுகிறது: கோடை விடுமுறைக்குள் ஒரு தடிமனான கதைப் புத்தகத்தைப் படித்து அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவர வேண்டும், பள்ளி திறக்கும் வாரத்தில் மறுதேர்வு.

கபிலன் புத்தகத்தைத் திறப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்க்கிறான். எதிர்வீட்டுத் தாத்தாவின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்து, கூலியாக அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறான். அக்காவின் அறையைப் பெருக்கிக் கொடுத்து அவளிடமும் கேட்கிறான். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பெரியம்மாவிடமும் கேட்கிறான். மூன்று பேரும் அதே புத்தகத்தைப் படித்தவர்கள். தாத்தா கதையில் மாலுமி கரை சேர்கிறான். அக்கா கதையில் அவன் கடலோடு போய்விடுகிறான். பெரியம்மாவோ, "மாலுமியா? அது நாயோட கதை ஆச்சே!" என்கிறார். இப்போது யார் சொன்னது சரி என்று தெரிய வேண்டுமானால், கடைசிப் பக்கத்தை அவனே படித்தாக வேண்டும்.

இதுவரை சரி. அப்புறம் நான் எழுதியிருப்பது: கடைசிப் பக்கம் படிக்கிறான், ருசி பிடித்துக்கொள்கிறது, முழுப் புத்தகத்தையும் மூன்று நாளில் முடிக்கிறான், மறுதேர்வில் வகுப்பிலேயே முதலிடம். படித்த பெரியவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். படித்த ஒரே சிறுவன், பதினோரு வயது, தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "கடைசியில மட்டும் வேற பையன் வந்துட்டான்."

ஒரு வாரமாக அந்த வாக்கியம் என்னை விடவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

---

பின்பெஞ்சு

அந்தப் பையன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் கபிலனாக இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் செய்தது இதுதான். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுவேன். ஒன்பது பேர் என்றால் பத்தாவது பத்தி என்னுடையது. மற்றவர்கள் வாசிக்கும்போது எதுவும் காதில் விழாது. அந்தப் பத்தியிலேயே விரலை வைத்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல் இருபது தடவை ஓட்டிப் பார்ப்பேன். என் முறை வரும்போது தடங்கல் இல்லாமல் ஒப்பித்துவிடுவேன். ஒருநாள் எனக்கு முன்னால் இருந்தவன் ஆர்வக்கோளாறில் இரண்டு பத்தியைச் சேர்த்து வாசித்துவிட்டான். என் பத்தி போயே போய்விட்டது. எழுந்து நின்றேன். பக்கம் முழுக்க எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அந்த அமைதி எவ்வளவு நீளம் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

இப்படி ஒரு மூளை, தப்பிக்க இவ்வளவு உழைக்கிற மூளை, மூன்று நாளில் புத்தகத்தை முடித்து முதலிடம் வாங்கியது என்றால் படிக்கிற குழந்தைக்கு ஒன்றுதான் புரியும்: 'அப்போ இவனுக்கு முதலிலிருந்தே முடிந்திருக்கிறது, சோம்பேறித்தனம்தான்.' எங்களிடம் எல்லோரும் சொன்னதும் அதேதான். கபிலனும் அதைச் சொல்ல வேண்டாம்.

---

ஒலிவடிவம்

வாசிப்பில் தடுமாறும் குழந்தைகளோடு பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். பின்பெஞ்சு எழுதியதைப் படித்ததும் 1896 ஞாபகம் வந்தது. அந்த வருடம் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றியது. விளையாட்டில் சுறுசுறுப்பு, கணக்கில் தடங்கல் இல்லை, கண் பார்வை நன்றாக இருக்கிறது. ஆனால் வாசிப்பு வரவில்லை. தன் பெயரையே எழுத்து இடம் மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மோர்கன் பதிவு செய்திருக்கிறார். இந்த மாதிரி வாசிப்புச் சிக்கலைக் குறிக்கும் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1880களிலேயே உருவாக்கிவிட்டார். ஆனால் பிறவியிலேயே இந்தச் சிக்கலோடு இருக்கிற ஒரு பள்ளிப் பையனின் முகம் தெரிவது மோர்கனின் கட்டுரையில்தான்.

இதில் சிக்கல் கண்ணிலும் இல்லை, அறிவிலும் இல்லை. எழுத்தை ஒலியோடு சேர்க்கிற வேலை தானாக நடக்காமல் ஒவ்வொரு தடவையும் கையால் தள்ள வேண்டியிருக்கிறது. கபிலனுக்கு அதுதான் என்று நீங்கள் பெயர் சூட்ட வேண்டியதில்லை. ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முறையாகச் சொல்லிக் கொடுத்தால் முன்னேற்றம் நிச்சயம் வரும். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வரும். மூன்று நாளில் வராது.

இன்னொன்று. கபிலன் எந்த எழுத்தில் தடுக்கி விழுகிறான் என்று உங்கள் கதையில் இருக்கிறதா? பெரும்பாலான கதைகளில் 'எழுத்துகள் நடனமாடின' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். தமிழில் அது எப்படி நடக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. 'கொடு' என்ற சொல்லை எடுங்கள். கண் முதலில் சந்திப்பது ஒற்றைக்கொம்பு. ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது க். கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டே க-வைத் தாண்டி, பின்னால் இருக்கும் துணைக்காலையும் பார்த்துவிட்டு, திரும்பி வந்து 'கொ' என்று சொல்ல வேண்டும். துணைக்கால் இல்லையென்றால் அது 'கெ'. 'காரம்' என்று எழுதிப் பாருங்கள்: துணைக்காலும் ரகரமும் தோள் ஒட்டி நிற்கும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் கீழே ஒரு சின்னக் கீற்றுதான் வித்தியாசம். 'கௌரவம்' இன்னும் மோசம். 'கெ' போட்டு 'ள' போட்ட மாதிரியேதான் தெரியும். அதைக் 'கெளரவம்' என்று வாசிக்கிற குழந்தை தப்பாகப் பார்க்கவில்லை. தாளில் இருப்பதை இருக்கிறபடி பார்க்கிறது.

---

மைக்கூடு

ஒலிவடிவம் அக்கா, 'கௌரவம்' பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். என் கதையில் அப்படி ஒரு எழுத்துகூட இல்லை. 'எழுத்துகள் நடனமாடின' என்ற அதே வரிதான் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இன்றே எடுத்துவிட்டேன்.

பின்பெஞ்சு, உங்கள் பத்தி எண்ணும் தந்திரத்தைக் கதையில் பயன்படுத்தலாமா? அனுமதி கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை.

---

பின்பெஞ்சு

தாராளமாக. ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அமைதியில் வகுப்பு சிரிக்கிற மாதிரி எழுதாதீர்கள். எண்ணுகிற இடம் வரைக்கும் சிரிப்பு இருக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். படிக்கிற குழந்தை அவனோடு சேர்ந்து எண்ணும். எண்ணிக்கை தவறியதும் குழந்தைக்கும் வயிற்றில் ஒன்று இறங்கும். அங்கே வேறு எதுவும் வேண்டாம்.

---

மழலைக்கூடம்

இழை முழுக்கப் படித்தேன். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளும் கபிலன் மாதிரிதான். ராத்திரி படுக்கும்போது ஒரு கதைப் புத்தகம் அவளுக்குத் தர வேண்டியது என்ன? நாளைக்குப் பள்ளிக்குப் போகலாம் என்ற தைரியம். கபிலன் கடைசி வரைக்கும் தடுமாறிக்கொண்டே இருந்தால், 'எனக்கும் இப்படியேதான் இருக்கப்போகிறது' என்று அவள் நினைத்துவிட மாட்டாளா? உண்மையை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெற்றி என்பதும் உண்மைதானே? அதைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு கவலையும் இருக்கிறது. விடுமுறையில் படிக்காமல் விட்டால் கற்றதெல்லாம் கரைந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். கபிலன் விடுமுறை முழுவதும் ஏமாற்றிக்கொண்டே திரிவதைக் காட்டிவிட்டு, அதற்கு ஒரு விளைவும் இல்லை என்று காட்டுவது சரியா?

---

அடுக்குஎண்

உங்கள் இரண்டாவது கவலைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நூலகத்தில் சிறுவர் பிரிவு என் பொறுப்பு.

விடுமுறையில் கரைகிறது என்ற பேச்சுக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஆய்வு 1996இல் வந்தது. ஹாரிஸ் கூப்பரும் சக ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்கு மதிப்பெண் இறங்குகிறது என்றார்கள். வாசிப்பைவிடக் கணக்கில் இறக்கம் அதிகம். பிறகு 2019இல் பால் வான் ஹிப்பெல் பழைய முடிவுகளைத் திரும்பச் சோதித்தார். அவற்றில் சில, அன்றைய தேர்வுகளுக்கு மதிப்பெண் போட்ட முறையால் பெரிதாகத் தெரிந்தவை, புதிய தேர்வுகளில் அதே அளவு தெரியவில்லை என்று எழுதினார். ஆகவே 'கரைந்துவிடும்' என்று குழந்தையைப் பயமுறுத்துகிற அளவுக்கு அதில் உறுதி கிடையாது.

எனக்குப் பிடித்த ஆய்வு வேறு. ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃபிரான்சனும் 2010இல் வெளியிட்டார்கள். ஃப்ளோரிடாவில் வறுமை மிகுந்த பகுதிகளின் பள்ளிகளில் 852 குழந்தைகளுக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து, ஆண்டுக்கு 12 புத்தகம் கொடுத்தார்கள். புத்தகத்தைக் குழந்தைகளே தேர்ந்தெடுத்தார்கள். கட்டாயப் பட்டியல் கிடையாது. சினிமா நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் வேண்டும் என்றால் அதுவே. புத்தகம் பெறாத குழந்தைகளைவிட இவர்களின் வாசிப்பு மதிப்பெண் மேலே போனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மைக்கூடு, உங்கள் கதையில் அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? பள்ளி. கபிலனிடம் யாராவது 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கிறார்களா? நூலகத்தில் ஒரு பெரியம்மாவை வைத்திருக்கிறீர்கள். அவர் அதைக் கேட்காமல் இருக்கவே மாட்டார். தினமும் இந்த வேலையைச் செய்கிறேன், தெரியும். புத்தகம் திருப்பித் தர வந்த பையன் எந்த அலமாரிப் பக்கம் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறான் என்று எங்கள் கண் பார்த்துக்கொண்டே இருக்கும்.

---

வரைகோடு

படம் வரைகிறவன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்று வந்தேன், நீண்டுவிட்டது.

இந்த வயதுக்கான நகைச்சுவை நாவலில் படம் அலங்காரம் கிடையாது, கதையில் பாதி. எழுத்து 'நான் அறையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டேன்' என்று சொல்லும். படத்தில் எல்லாக் குப்பையும் கட்டிலுக்கு அடியில் பிதுங்கிக்கொண்டிருக்கும். எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற குழந்தைக்கும் அந்த நகைச்சுவை முழுசாகக் கிடைக்கும். பக்கத்தில் இருக்கிற வேகமான அண்ணன் வரியிலேயே போய்க்கொண்டிருக்கும்போது இவள் படத்தைப் பார்த்து முதலில் சிரித்துவிடுவாள். வீட்டில் முதலில் சிரிப்பது அவளாக இருக்கட்டும்.

பக்க அமைப்பும் முக்கியம். டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் 2012இல் ஒரு சோதனை நடந்தது. எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டியதும் பிழை குறைந்தது, வேகமும் கூடியது. இதற்கென்றே விற்கிற விசேஷ எழுத்துருக்களுக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. அதனால் பதிப்பகத்தாரிடம் நான் எப்போதும் கேட்பது ஒன்றே: வரிக்கு வரி காற்றுப் போக இடம் விடுங்கள், ஓரத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொற்களை இழுக்காதீர்கள், சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பாதீர்கள். 'கொண்டி-' ஒரு வரியிலும் 'ருந்தான்' அடுத்த வரியிலும் வந்தால் பெரியவனான எனக்கே எரிச்சல் வருகிறது.

---

ஒற்றுப்பிழை

பிழை திருத்துவது என் வேலை, வரைகோடு சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். மைக்கூடு, நீங்கள் எனக்கு அனுப்பியிருந்த முதல் அத்தியாயத்தில் 'நடந்துபோய்க்கொண்டிருந்தவர்களுக்கிடையே' என்று ஒரு சொல் இருந்தது. இலக்கணப்படி சரி. கபிலனால் அதை வாசிக்க முடியாது. கபிலனைப் பற்றிய புத்தகத்தைக் கபிலன் வாசிக்க முடியாமல் போனால் அவனுக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு என்ன இருக்கும்? 'நடந்து போனவர்கள் நடுவே' போதும். அர்த்தத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை.

சொல்லைச் சுருக்கினால் நடை குழந்தைத்தனமாகிவிடும் என்ற பயம் நம் எழுத்தாளர்களுக்கு நிறைய இருக்கிறது. அப்படி ஆகாது. நகைச்சுவைக்குச் சின்ன வாக்கியம்தான் தோழன். "மாலுமியா? அது நாயோட கதை ஆச்சே!" என்பதில் ஐந்து சொல். உங்கள் கதையில் எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்த இடமும் அதுதான்.

---

ஒலிவடிவம்

மழலைக்கூடம், உங்கள் முதல் கேள்வி நியாயமானது, யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. நான் முயல்கிறேன்.

என்னிடம் வருகிற குழந்தைகள் 'முதலிடம்' என்ற முடிவைப் படித்துவிட்டுத் தைரியம் அடைந்து நான் பார்த்ததில்லை. ஒரு பையன் சொன்னான், "அவனுக்கு சரியாயிடுச்சு, எனக்கு ஆகல." தைரியம் கொடுக்க எழுதிய வரி அவனைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டது. அதே பையன், கதையில் ஒருவன் ஒரு பக்கத்தை ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து வாசித்ததைப் படித்தபோது, அந்தப் பக்கத்தில் விரலை வைத்து "நான் இதைவிட வேகம்" என்றான். முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே வெற்றி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் நாளைக்கே கையால் தொடக்கூடிய அளவில் இருக்கட்டும் என்கிறேன். ஒரு பக்கம் வாசித்தது வெற்றி. கூடுதல் நேரம் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டது அதைவிடப் பெரிய வெற்றி. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்குள் எனக்குச் சில குழந்தைகளோடு ஒரு வருடம் ஓடியிருக்கிறது.

இன்னொன்று: தாத்தா, அக்கா, பெரியம்மா மூவரிடமும் கதை கேட்டதை 'ஏமாற்றுவது' என்று கதையில் யாரும் திட்ட வேண்டாம். காதால் கேட்டதும் கதைதான். சொல்வளம், கதை எப்படி நகரும் என்ற அறிவு, அடுத்து என்ன என்ற தவிப்பு எல்லாம் காது வழியாகவும் உள்ளே போகும். எழுத்துப் பயிற்சி தனியாக நடக்கட்டும். அது வரைக்கும் குழந்தையைக் கதை இல்லாமல் பட்டினி போடக் கூடாது.

---

மழலைக்கூடம்

"அவனுக்கு சரியாயிடுச்சு, எனக்கு ஆகல." இதைப் படித்துவிட்டு எழுந்து போய் என் மகள் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன். புரிகிறது அக்கா. என் வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மைக்கூடு, தயவுசெய்து அந்த ஒரு பக்கத்தையாவது அவன் முழுசாக முடிக்கட்டும். பாதியில் விட்டுவிடாதீர்கள்.

---

மைக்கூடு

முடிக்கிறான். நாலு நாள் உட்கார்ந்து பத்தொன்பதாம் அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். முழுவதும் இங்கே போட முடியாது, இரண்டு இடம் மட்டும்.

முதலாவது, படிக்கட்டில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை வாசிக்கும் இடம்:

*பதினான்கு வரி. கபிலன் எண்ணிப் பார்த்துவிட்டான். எண்ணுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. முதல் வரியில் விரலை வைத்தான். 'கெ' என்றான். இல்லை, பின்னால் ஒரு கால் நிற்கிறது. 'கொ'. கொ... ட்... டி... ய. கொட்டிய. எது கொட்டியது? மழை. கொட்டிய மழை! நிழல் முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்கு வந்தபோது அவன் ஒன்பதாம் வரியில் இருந்தான். ஐந்தாம் படிக்கு வந்தபோது முடித்துவிட்டான். திரும்ப ஒருமுறை வாசித்தான். மாலுமி கரை சேர்ந்தான் என்று இல்லை. கடலோடு போனான் என்றும் இல்லை. புத்தகம் அதைச் சொல்லவே இல்லை. கரையில் நாய் நின்றது, கடலைப் பார்த்தது. அவ்வளவுதான். 'தாத்தா!' என்று கத்திக்கொண்டே ஓடினான். 'நீங்க மூணு பேருமே சொந்தமா சேர்த்துக்கிட்டீங்க!'*

இரண்டாவது, மறுதேர்வு அறை. மணி அடித்ததும் எல்லோரும் தாளைக் கொடுக்கிறார்கள்:

*கபிலன் கையைத் தூக்கினான். 'எனக்கு இன்னும் ஒரு பக்கம் இருக்கு. நேரம் வேணும்.' ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.*

இதோடு அத்தியாயம் முடிகிறது. பாஸா இல்லையா என்று எழுதவில்லை. அடுக்குஎண், பெரியம்மா இப்போது ஒன்பதாம் அத்தியாயத்திலேயே 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்டுவிடுகிறார். அவன் சைக்கிள் பற்றிய புத்தகம் கேட்கிறான்.

---

பின்பெஞ்சு

'எண்ணுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது.' நன்றி. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

---

ஒற்றுப்பிழை

'கொட்டிய மழை' இடத்தை அப்படியே விடுங்கள், ஒரு புள்ளிகூட மாற்ற வேண்டாம்.

---

மைக்கூடு

அந்தப் பதினோரு வயதுப் பையனிடம் நேற்று புதிய முடிவைக் கொடுத்தேன். மெதுவாகத்தான் படித்தான். கபிலன் பாஸா என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "அந்த நாய் எத்தனை நாள் அங்கேயே நின்னுச்சு?" என்றான். எனக்குத் தெரியாது என்றேன். "ரொம்ப நாள் நின்னிருக்கும்" என்று அவனே சொல்லிவிட்டுத் தாள்களைத் திருப்பி முதல் பக்கத்துக்குப் போனான்.

வரைகோடு, கடைசிப் பக்கத்துக்கு அந்த நாயை வரைந்து தர முடியுமா? நிற்கிற மாதிரியா, உட்கார்ந்திருக்கிற மாதிரியா என்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

---

வரைகோடு

நிற்கட்டும். முதுகுப் பக்கமிருந்து வரைகிறேன், முகம் தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் பென்சில் வரைவு அனுப்புகிறேன்.